கடலோர வீடுகளில் மண்ணில்லாத் தோட்டம்

மண்ணில்லாத் தோட்டம் என்பது செடிகளை மண்ணில் நடாமல், அவற்றுக்குத் தேவையான தாது உப்புகளைக் கரைத்த நீரில் வேர்களை விட்டு வளர்க்கும் முறை ஆகும். ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரே பேச்சு வழக்கில் பரவியுள்ளது. நீரியல் வேளாண்மை என்றும் எழுதுவர். மொட்டைமாடி, பால்கனி, சன்னலோரம் போன்ற இடங்களில் கீரை, புதினா, தக்காளி ஆகியவற்றை வளர்க்க இம்முறை உதவுகிறது. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் இதைத் தொடங்க நினைப்பவர் முதலில் சோதிக்க வேண்டியது தண்ணீரை. இம்முறையில் தோற்பவர்களில் பலர் தோற்பது அங்குதான்.

வரலாறு

1699இல் ஜான் உட்வர்ட் என்ற ஆங்கிலேயர் புதினாவை மழைநீர், தேம்சு ஆற்று நீர், மண் கலக்கிய நீர் எனத் தனித்தனிக் குடுவைகளில் வளர்த்துப் பார்த்தார். தெளிந்த மழைநீரை விட மண் கலந்த நீரில் செடி நன்றாக வளர்ந்தது. நீர் மட்டும் செடிக்கு உணவன்று, நீரில் கரைந்து வரும் ஏதோ ஒன்று வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று. அந்த 'ஏதோ ஒன்று' என்னென்ன உப்புகள் என்பதை 1860களில் செருமானிய அறிஞர்கள் யூலியசு சாக்சு, வில்லெம் நோப் ஆகியோர் ஆய்வகத்தில் வகுத்தனர். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக் 1930களில் இதை ஆய்வகத்திலிருந்து வெளியே கொண்டு வந்தார். ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரும் அவர் காலத்தில் வழங்கத் தொடங்கியது.

இந்தியாவில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் 1946இல் வங்காளத்தின் காலிம்போங் பகுதியில் சோதனைகளைத் தொடங்கினார். விலை கூடிய கருவிகள் இல்லாமல், சல்லியும் மணலும் நிரப்பிய தொட்டிகளில் உரத்தைத் தூவி நீரூற்றும் எளிய முறையை அவர் உருவாக்கினார். அது 'வங்காள முறை' எனப்பட்டது. பம்பும் மின்சாரமும் இல்லாமல் மண்ணில்லாத் தோட்டம் இயலும் என்பதற்கு இந்தியாவிலேயே கிடைத்த பழைய சான்று இது.

உப்பு நீரின் சிக்கல்

தேவனாம்பட்டினம் கெடிலம் ஆறு கடலில் கலக்கும் பகுதியை அடுத்து அமைந்துள்ளது. வெள்ளிக் கடற்கரையும் புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகளும் இங்குள்ளன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடல்நீர் புகுந்த ஊர் இது. பேரலை வராத காலத்திலும் கடற்கரையை ஒட்டிய இடங்களில் நிலத்தடி நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால் அந்த இடத்தைக் கடல்நீர் பிடித்துக் கொள்கிறது. கிணறும் ஆழ்துளைக் குழாயும் மெல்ல மெல்ல உவர்க்கின்றன.

வேர் நீரை உறிஞ்சுவது ஊடுபரவலால். வேரின் உள்ளே உப்புச் செறிவு கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் நீர் உள்ளே செல்லும். வெளியே உப்பு ஏற ஏற, தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடும். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் சதுப்புநில மரங்கள் இந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டவை. சுரபுன்னை வேரிலேயே பெரும்பகுதி உப்பை வடிகட்டி விடுகிறது. வெண்கண்டல் இலை வழியாக உப்பை வெளியேற்றுகிறது. நம் அரைக்கீரைக்கும் கொத்தமல்லிக்கும் அந்த வித்தை தெரியாது. கடலோரத்தில் தானே முளைக்கும் உமரிக் கீரை மட்டும் இதற்கு விதிவிலக்கு. உவர்நீர்தான் இருக்கிறது என்பவர்கள் அதை முயன்று பார்க்கலாம்.

நீரில் கரைந்துள்ள உப்பின் அளவை மின்கடத்துத்திறன் கொண்டு அறியலாம். இதன் அலகு மீட்டருக்கு டெசிசீமென்ஸ். கடல்நீரின் அளவு ஏறத்தாழ 50. கீரை வகைகளுக்கான ஊட்டக் கரைசல் 1.2 முதல் 1.8 வரையும், காய்க்கும் தக்காளிக்கு 2 முதல் 3.5 வரையும் இருக்கலாம். வீட்டுக் குழாய் நீரே 1.5 காட்டினால், உரம் கரைக்க இடமே இல்லை. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாதபோது 2000 வரை அனுமதி உண்டு. ஆக, மனிதர் குடிக்க அனுமதிக்கப்பட்ட நீர் கீரைத் தொட்டிக்கு உதவாமல் போவது இயல்பே. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை, விதை வாங்குவதற்கு முன் வாங்குவது நல்லது.

இன்னொரு கேடும் உண்டு. செடி நீரையும் ஊட்டத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைப் பெரும்பாலும் தொட்டியிலேயே விட்டுவிடும். 20 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் சோடியம் உள்ள நீரை நிரப்புவதாகக் கொள்வோம்; தொடக்கத்தில் 4 கிராம் சோடியம். நாள்தோறும் ஒரு லிட்டர் குறைய, அதே நீரை ஊற்றி நிரப்பினால் முப்பது நாளில் மேலும் 6 கிராம் சேரும். இப்போது தொட்டியில் லிட்டருக்கு 500 மில்லிகிராம். முதல் வாரம் செழிப்பாக இருந்த செடி நான்காம் வாரத்தில் இலை நுனி கருகி நிற்பதற்குக் காரணம் இதுதான். பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பதில் பயனில்லை.

மழைநீரே தீர்வு

ஆர்.ஓ. நீரில் உப்பு மிகக் குறைவு. எனினும் வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் நன்னீருக்கு அதைவிடக் கூடுதலான நீரைக் கழிவாகத் தள்ளுகிறது. நன்னீர் அரிதான ஊரில் கீரைக்காக இதைச் செய்வது பொருந்தாது. மழைநீர் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் குழாய் ஏற்கெனவே உள்ளது. கடலூர்ப் பகுதியில் ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழை. 20 சதுர மீட்டர் மாடியில் 1000 மில்லிமீட்டர் மழை என்றால் 20,000 லிட்டர். வழிந்ததும் ஆவியானதும் போக அதில் பத்திலொரு பங்கைச் சேமித்தாலும் நாளுக்கு ஐந்து லிட்டர் வீதம் ஓராண்டுக்கு வரும். முதல் மழையில் கூரைத் தூசியும் கடற்காற்றின் உப்பும் கழுவி வரும் என்பதால் அதை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும்.

பம்பு இல்லாத பெட்டி

குழாய்களில் கரைசலை மெல்லிய படலமாக ஓடவிடும் முறை படங்களில் அழகாக இருக்கும். கோடையில் மின்சாரம் சில மணி நேரம் நின்றால் வேர்கள் காய்ந்துவிடும். புயல் காலத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போகும் கரையோரத்துக்கு இது ஏற்றதன்று. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையேறியதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஹவாயைச் சேர்ந்த கிராட்கி பரப்பிய தேங்குநீர் முறையே தொடங்குபவருக்கு உகந்தது.

இதற்கு மீன் வணிகத்தில் புழங்கும் தெர்மோகோல் பெட்டி போதும். நன்கு கழுவி, உள்ளே கறுப்பு பாலித்தீன் தாளை விரித்துக் கரைசலை ஊற்ற வேண்டும். மூடியில் துளையிட்டு, அடியில் ஓட்டைகள் போட்ட காகிதக் குவளையில் நார்த்தூளும் நாற்றும் வைத்துப் பொருத்த வேண்டும். தொடக்கத்தில் குவளையின் அடி கரைசலைத் தொட்டால் போதும். செடி நீரைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கி, இடையில் காற்றிடம் உருவாகும். அந்த ஈரக் காற்றில் வளரும் மேல்வேர்கள் உயிர்வளியை எடுக்கின்றன, கீழ்வேர்கள் நீரை எடுக்கின்றன. எனவே மீண்டும் விளிம்பு வரை நிரப்பினால் மேல்வேர்கள் மூழ்கிச் செடி சாகும். அக்கறை மிகுந்தவர்கள் செய்யும் தவறு இது.

தெர்மோகோல் வெப்பத்தைத் தடுப்பது இன்னொரு நன்மை. 20 பாகை நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 பாகையில் 7.5தான். சூடேறிய கரைசலில் வேரழுகல் விரைவில் வரும். கத்திரி வெயிலில் லெட்டூஸ் வளர்க்க முயல்வது வீண். அது கசந்து, பூத்துவிடும். புதினா, பசலை, தண்டுக்கீரை ஆகியவை தாங்கும்.

நார்த்தூள் தமிழ்நாட்டுப் பொருளே. பொள்ளாச்சிப் பகுதியில் அழுத்தப்பட்ட கட்டிகளாகி வெளிநாட்டுப் பசுமைக்குடில்களுக்கு ஏற்றுமதியாகிறது. கழுவாத நார்த்தூளிலும் உப்பு மிகுதி என்பதால், வடிநீரின் மீட்டர் அளவு குறையும் வரை நன்னீரில் அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

ஊட்டமும் ஒளியும்

செடிக்கு இன்றியமையாத தனிமங்கள் 17. கரிமம், நீரியம், உயிர்வளி ஆகியவை காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைக்கும். மற்ற 14ஐயும் கரைசல் தர வேண்டும். கடைகளில் ஏ, பி என இரண்டு புட்டிகளாக விற்பதற்குக் காரணம் உண்டு: செறிந்த நிலையில் கால்சியமும் சல்பேட், பாஸ்பேட்டும் சேர்ந்தால் சுண்ணாம்பு போலப் படிந்துவிடும். தொட்டி நீரில் ஒன்றைக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். 19:19:19 உரம் மட்டும் போதாது. அதில் கால்சியம் இல்லை, தழைச்சத்தின் பெரும்பகுதி யூரியா வடிவில் உள்ளது. பஞ்சகவ்யமும் சாண நீரும் மண்ணுக்கு நல்லவை. தேங்கிய பெட்டியில் அவை அழுகி, வேருக்கான உயிர்வளியைத் தின்றுவிடும். கரைசலின் பி.எச். 5.5க்கும் 6.5க்கும் இடையே இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இரும்புச்சத்து கிடைக்காமல் இளம் இலைகள் வெளுக்கும்.

வீட்டுக்குள் வளர்க்க விரும்பினால் ஒளிதான் தடை. அறை நமக்கு வெளிச்சமாகத் தெரிந்தாலும் கீரைக்கு அது இருட்டே. 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கைச் செடிக்கு ஒரு சாண் உயரத்தில் நாள்தோறும் 14 மணி நேரம் எரிக்க, இரு மாதத்துக்கு ஏறத்தாழ 17 அலகு மின்சாரம் ஆகும். ஒரு தட்டுக் கொத்தமல்லிக்கு இது சரி. காய்கறிக்கு மாடி வெயிலே வேண்டும்.

பெட்டியின் ஒவ்வொரு துளையும் இடைவெளியின்றி மூடியிருக்க வேண்டும். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும், இடைவெளி இருந்தால் டெங்கு பரப்பும் ஏடிசு கொசு முட்டையிடும். அறுவடைக்குப் பின் மிஞ்சும் கரைசலைச் சாக்கடையில் கொட்ட வேண்டியதில்லை. நன்னீர் கலந்து தென்னை மரத்தடியில் ஊற்றலாம். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும்.