பாட்டு நல்லா இருக்க ஸ்டூடியோ அவசியமா? கேசட், பெட்ரூம், கோடம்பாக்கம் சொல்லும் பதில்!

உங்கள் மொபைலில் வாய்ஸ் ரெக்கார்டரைத் திறந்து பாருங்கள். நீங்களே எழுதி, மெட்டுப் போட்டு, நடுராத்திரியில் வீட்டில் யாருக்கும் கேட்காத மாதிரி பாடி வெச்ச பாட்டு ஒண்ணாவது அதில் இருக்கா? நண்பர்கள் 'செமயா இருக்குடா, ரிலீஸ் பண்ணு' என்று சொல்லியும், 'நல்ல ஸ்டூடியோல ரெக்கார்டு பண்ண காசு சேரட்டும்' என்று தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்கீங்களா? அப்படின்னா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அந்தக் காசு எதை வாங்கித் தரும், எதை வாங்கித் தராது என்று தெரிந்துவிட்டால், காத்திருக்கணுமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு பண்ணிடலாம்.

ஸ்டூடியோவில் என்னதான் நடக்குது?

மொத்தம் மூன்று வேலைகள். முதலாவது, ரெக்கார்டிங். குரலையும் கருவிகளையும் வெளிச் சத்தம் இல்லாமல், தனித்தனி டிராக்குகளாகப் பதிவு செய்வது.

இரண்டாவது, மிக்ஸிங். எது முன்னால் கேட்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும், கிட்டார் இடது காதிலா வலது காதிலா, குரலுக்கு எவ்வளவு எதிரொலி என்று பார்த்துப் பார்த்துக் கலப்பது. குழம்பில் உப்பு, புளி, காரம் சரிபார்க்கிற வேலை மாதிரி.

மூன்றாவது, மாஸ்டரிங். மிக்ஸ் முடிந்த பாட்டு இயர்பட்ஸ், கார், கல்யாண மண்டப ஸ்பீக்கர் என எங்கே ஒலித்தாலும் கேட்கிற மாதிரி இருக்க, ஒட்டுமொத்தமாகக் கடைசி முறை சரிசெய்வது.

கவனிச்சீங்களா? இந்த மூன்றிலும் மெட்டு இல்லை, வரி இல்லை, பாடுகிறவரின் உணர்ச்சி இல்லை. சுருதி விலகினால் சாஃப்ட்வேர் இழுத்துப் பிடிக்கும். ஆனால், மனசில்லாமல் பாடிய வரிக்கு உயிர் கொடுக்கிற பட்டன் எந்த ஸ்டூடியோவிலும் கிடையாது.

பாக்கெட்டில் சுற்றிய கேசட்

இதற்கு உலகமே உதாரணம் காட்டுகிற ஒரு கதை இருக்கு. 1982 ஜனவரி. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு வாடகை வீடு. ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நான்கு டிராக் மட்டுமே பதிவாகும் ஒரு கேசட் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு தனியாகப் பாடுகிறார். அதை மிக்ஸ் பண்ணி இறக்கியது ஒரு பழைய டேப் ரெக்கார்டரில். அவருடைய நோக்கம் ஆல்பம் இல்லை. தன் இசைக்குழுவுக்குப் போட்டுக் காட்ட ஒரு மாதிரி, அவ்வளவுதான். உறைகூட இல்லாமல் அந்த கேசட்டை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சுற்றினார்.

பிறகு நியூயார்க்கில் பெரிய ஸ்டூடியோவில், முழு இசைக்குழுவோடு அதே பாடல்களைப் பதிவு செய்து பார்த்தார்கள். சத்தம் பெரிசாச்சு, சுத்தமாச்சு. ஆனால், தனிமையில் இருக்கும் மனிதர்களைப் பற்றிய அந்தப் பாடல்களின் தனிமை காணாமல் போனது. கடைசியில், அந்த கேசட் பதிவே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக 1982 செப்டம்பரில் வெளியானது. இன்றைக்கும் அவருடைய மிகச் சிறந்த படைப்புகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

'பார்த்தீங்களா, ஸ்டூடியோவே வேண்டாம்'னு அவசரப்பட வேண்டாம். அதே வீட்டுப் பதிவுகளில் இன்னொரு பாட்டும் இருந்தது: 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' அதற்கு ஸ்டூடியோ அப்படியே பொருந்தியது. அதிரும் டிரம்ஸும் கீபோர்டுமாக அது 1984-ல் வெளிவந்து உலகம் முழுக்க ஹிட்டடித்தது. ஒரே ஆள், ஒரே வீடு, ஒரே மெஷின். ஆனால், ஒரு பாட்டு ஸ்டூடியோவில் வாடியது, இன்னொன்று அங்கே போய்த்தான் வளர்ந்தது. 2025-ல் இசைக்குழுவோடு பதிவான 'நெப்ராஸ்கா' பாடல்களும் வெளியாகிவிட்டன. இயர்போனை மாட்டிக்கொண்டு இரண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்கள்.

பெட்ரூமில் இருந்து கிராமி வரை

'அது கேசட் காலம் பாஸ்' என்கிறீர்களா? 2019-க்கு வருவோம். பில்லி ஐலிஷின் முதல் ஆல்பத்தை அவரும் அண்ணன் ஃபின்னியஸும் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள வீட்டின் பெட்ரூமில் உருவாக்கினார்கள். 'பேட் கய்' பாட்டின் தாளத்துக்குள் ஒரு 'டக் டக்' சத்தம் வரும். அது ஆஸ்திரேலியாவில் சாலையைக் கடக்கும் சிக்னலில் கேட்ட ஒலி. பில்லி அதைத் தன் மொபைலில்தான் பிடித்தார்! 2020 கிராமி விழாவில் சிறந்த ஆல்பம் விருது மட்டுமல்ல, சிறந்த ஒலிப்பதிவுப் பொறியியலுக்கான விருதும் இந்த ஆல்பத்துக்கே கிடைத்தது.

பலர் சொல்லாமல் விடுகிற பாதி ஒன்று இருக்கு. ஆல்பம் பெட்ரூமில் பதிவானதுதான். ஆனால், மிக்ஸிங் செய்தவர் ராப் கினெல்ஸ்கி, மாஸ்டரிங் செய்தவர் ஜான் கிரீன்ஹாம். இருவரும் அந்தத் தொழிலில் தேர்ந்தவர்கள். அறை சின்னதாக இருந்தது. காதுகள் சின்னதாக இல்லை.

கோடம்பாக்கத்துப் பாடம்

நம்ம ஊரிலும் இதே பாடம் உண்டு. 1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்து 'பஞ்சதன் ரெக்கார்டு இன்' ஸ்டூடியோவைத் தொடங்கினார். விளம்பரங்களுக்கு இசையமைத்துக் கொண்டிருந்தவர், 1992-ல் 'ரோஜா' பாடல்களை அங்கேதான் உருவாக்கினார். ஒலிப்பொறியாளர் ஹெச்.ஸ்ரீதரும் அதில் இருந்தார். முதல் படத்திலேயே தேசிய விருது. அன்றைய ரசிகர்கள் மெட்டில் மட்டும் மயங்கவில்லை, அந்த சவுண்டின் துல்லியத்திலும் அசந்து போனார்கள். ஆக, புரொடக்‌ஷனுக்கு மதிப்பே இல்லைன்னு யாரும் சொல்லிவிட முடியாது.

இந்த மூன்று கதைக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது: நேரம். வாடகை ஸ்டூடியோவில் கடிகாரம் ஓடினால் பணமும் ஓடும். மூன்றாவது டேக்கிலேயே 'ஓகே, போதும்' என்று தோன்றும். சொந்த இடத்தில் முப்பதாவது டேக் வரை முயற்சி செய்யலாம், தப்பான யோசனைகளையும் செய்து பார்க்கலாம். காசு கட்டாமலே உங்கள் அறையில் உங்களுக்குக் கிடைக்கிற விஷயம் அதுதான்.

சரி, நீங்க என்ன செய்யலாம்?

* முதலில் அறை. வெற்றுச் சுவர்கள் குரலைத் திருப்பியடிக்கும். அந்தக் 'கிணற்றுச் சத்தம்' பதிவாகிவிட்டால் பின்னால் நீக்குவது ரொம்பக் கஷ்டம். துணி நிறைந்த அலமாரிக்கு எதிரே நின்று பாடுங்கள், முதுகுக்குப் பின்னால் தடிமனான கம்பளியைத் தொங்கவிடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள்.

* மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ரொம்பத் தள்ளிப் போனால் குரலைவிட அறைதான் அதிகம் கேட்கும்.

* லெவல் மீட்டர் சிவப்பைத் தொடக் கூடாது. உச்சத்தில் பாடும்போதும் மைனஸ் 6 டெசிபலுக்குக் கீழேயே இருக்கட்டும். குறைவாகப் பதிவானதை ஏற்றிக்கொள்ளலாம், உடைந்து பதிவான குரலைச் சரிசெய்வது கடினம்.

* 'என் பாட்டுதான் சத்தமா கேட்கணும்' என்று வால்யூமை அழுத்தி ஏற்றாதீர்கள். ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்றவை அதிகச் சத்தமான பாடல்களைத் தாங்களே குறைத்துவிடும். மிஞ்சுவது மூச்சுத் திணறும் பாட்டு மட்டுமே.

* மிக்ஸை இயர்பட்ஸில், மொபைல் ஸ்பீக்கரில், நண்பரின் காரில் கேளுங்கள். மூன்றிலும் வரிகள் புரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

* கையில் கொஞ்சம் காசு இருந்தால், புது மைக்கை விட மிக்ஸிங் தெரிந்த ஒருவருக்குக் கொடுப்பது பெரும்பாலும் லாபம். டிரம்ஸ், வயலின் குழு என்று பலர் சேர்ந்து வாசிக்கும் பாட்டு என்றால், தயங்காமல் ஸ்டூடியோவுக்குப் போங்கள். அங்கே அந்த அறைக்கே காசு கொடுக்கலாம்.

எந்தப் பக்கம் போவதென்று குழப்பமாக இருந்தால், பாட்டை ஒரே ஒரு கருவியோடு, எஃபெக்ட் எதுவும் இல்லாமல் பாடி, இதுவரை கேட்காத ஒருவருக்கு அனுப்புங்கள். 'சவுண்டு கொஞ்சம் சரியில்ல, ஆனா பாட்டு மண்டைக்குள்ளயே ஓடுது' என்று பதில் வந்தால், காசு சேரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த வாரமே ஃபேனை அணைத்துவிட்டு ஆரம்பிக்கலாம். 'சவுண்டு சூப்பர்' என்று மட்டும் பதில் வந்தால், ஸ்டூடியோவைத் தேடும் முன் மெட்டையும் வரியையும் இன்னொரு முறை எடுத்து வைத்து உட்காருங்கள்.