தபாலை முந்தும் இதழ்

எதிர்வீட்டு வங்காளிக்கு 1933-இல் தொடங்கிய ‘தேஷ்’ என்ற வங்காள இதழைப் பேப்பர்காரரே கொண்டுவந்து போட்டுவிடுகிறார். கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் இருக்கும் எனக்கோ, சென்னையில் அச்சாகும் வார இதழ் தபாலில் ஆடி அசைந்துதான் வரும். டேப்லெட்டில் அந்தத் தொல்லை இல்லை.

2010-இல் ஐபேட் வந்தது. மறு ஆண்டு மே மாதமே ‘டைம்’, ‘ஃபார்ச்சூன்’ இதழ்கள் அமெரிக்காவில் அச்சுச் சந்தாதாரர்களுக்கு ஐபேட் பதிப்பை இலவசமாகத் திறந்துவிட்டன. எல்லாரும் இவ்வளவு தாராளமில்லை; தனியாகப் பணம் கேட்பவர்களும் உண்டு. காசு மட்டுமல்ல, வடிவமும் முக்கியம்: அச்சுப் பக்கத்தை அப்படியே காட்டும் பிடிஎஃப் என் கண்ணுக்கு ஆகாது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகளும் அதற்கேற்ப மடங்க வேண்டும். அதுதான் படிக்கத் தோது.

சந்தா புதுப்பிக்கும்போது கேட்டுவிடுங்கள்: டிஜிட்டல் பதிப்பும் சேர்த்தியா? சந்தா முடிந்தபின் பழைய இதழ்கள் திறக்குமா?