காந்தி, போஸ், கென்னடி... அடுத்தவர் குடும்பப் பெயரை நம்ம பிள்ளைக்கு வைக்கலாமா?

"டேய் ஸ்டாலின், லெனினைக் கூப்பிடுடா! காந்தி சீட்டு பிடிச்சு வச்சிருக்கான்!"

காலை எட்டேகால் மணி. தாம்பரத்தில் இருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரெயில். வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே ஒருவர் இப்படிக் கத்தினார். பெட்டியில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பேப்பர் படித்தவர் படித்துக்கொண்டே இருந்தார். பூ கட்டிய அம்மா கட்டிக்கொண்டே இருந்தார்.

ஒரே ஒருவர்தான் திடுக்கிட்டார். பெட்டியும் கையுமாக நின்ற வடநாட்டுப் பயணி. பக்கத்தில் இருந்தவரிடம் இந்தியில் ஏதோ கேட்டார். "எல்லாம் பேரு சார், நேம், நேம்!" என்று பதில் வந்தது. அவர் முகத்தில் குழப்பம் தீரவில்லை.

தீராதுதான். அவர் ஊரில் காந்தி என்பது குடும்பப் பெயர். அப்பனுக்கும் அதே, பிள்ளைக்கும் அதே. குழந்தைக்கு என்று தனியாக மோகன்தாஸ் என்றோ, வேறொன்றோ வைப்பார்கள். நமக்கோ குடும்பப் பெயர் என்ற சமாச்சாரமே கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், அதற்குப் பிறகு சொந்தப் பெயர். தீர்ந்தது கதை. அதனால் பெரிய மனிதர்களின் பெயரைப் பிள்ளைக்கு வைக்க ஆசைப்பட்டபோது, பேப்பரில் எந்தப் பெயர் பெரிய எழுத்தில் வந்ததோ அதையே எடுத்துக்கொண்டோம். அது குடும்பப் பெயரா, புனைபெயரா என்று யார் பார்த்தார்கள்?

மளிகைக்காரர், வாய்க்கால்காரர்

அர்த்தம் தெரிந்தால் சிலருக்குச் சிரிப்பு வரும். காந்தி குடும்பத்தார் ஆதியில் மளிகை வியாபாரிகளாக இருந்திருக்க வேண்டும் என்று காந்திஜியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நேரு குடும்பத்தின் பழைய பெயர் கவுல். காஷ்மீரில் இருந்து டெல்லிக்கு வந்து, வாய்க்கால் ஓரமாகக் குடியிருந்தார்கள். 'நஹர்' என்றால் வாய்க்கால். அதில் இருந்து நேரு. நம்ம ஊர் மொழியில் சொன்னால் 'வாய்க்காங்கரை வீட்டுக்காரர்'!

ஸ்டாலின் குடும்பப் பெயரே அல்ல. அவர் குடும்பப் பெயர் ஜுகாஷ்விலி. தலைமறைவு நாட்களில் வைத்துக்கொண்ட புனைபெயர்தான் ஸ்டாலின். ரஷிய மொழியில் எஃகு என்று பொருள்படும் சொல்லில் இருந்து வந்தது. லெனினும் அப்படியே. வீட்டுப் பெயர் உல்யானவ்.

மு.க.ஸ்டாலின் கதை பலருக்குத் தெரியும். 1953 மார்ச் 1-ந்தேதி பிறந்தார். முதலில் நினைத்த பெயர் அய்யாதுரை. பெரியாரை 'அய்யா' என்பார்கள். அண்ணாதுரையில் இருந்து 'துரை'. அந்த மார்ச் 5-ந்தேதி ரஷியத் தலைவர் ஸ்டாலின் மறைந்தார். இரங்கல் கூட்டத்தில் கருணாநிதி மகனுக்கு அந்தப் பெயரை அறிவித்தார். 2021-ல் தமிழக முதல்வராகப் பதவி ஏற்றது அந்தப் பிள்ளைதான்.

அரசியல் மட்டும் இல்லை. கிரிக்கெட்டும் உண்டு. 1971-ல் மேற்கு இந்தியத் தீவுகளில் நாலே டெஸ்டில் 774 ரன் அடித்தார் சுனில் கவாஸ்கர். அப்புறம் என்ன? தமிழ்நாட்டிலும் கவாஸ்கர்கள் பிறந்தார்கள். இன்றும் லாரி டிரைவராக, வாத்தியாராக, கவுன்சிலராக அந்தப் பெயர்க்காரர்களைப் பார்க்கலாம். வேடிக்கை என்னவென்றால், கவாஸ்கர் தன் மகனுக்கு வைத்த பெயர் ரோஹன் ஜெய்விஷ்வா. ரோஹன் கன்ஹாய், ஜெய்சிம்ஹா, விஸ்வநாத் என்று மூன்று ஆட்டக்காரர்களின் நினைவு. அதில் மேற்கு இந்தியத் தீவு வீரரின் குடும்பப் பெயரான கன்ஹாயை அவர் தொடவில்லை. அவருக்கு வித்தியாசம் தெரியும்!

இன்னொன்றையும் கவனித்தேன். குடும்பப் பெயர் எல்லாம் ஆம்பளைப் பிள்ளைகளுக்குத்தான். பெண் குழந்தைக்கு இந்திரா, சரோஜினி என்று சொந்தப் பெயர்தான் வைத்தார்கள். பெண் தலைவர்களை ஊரே சொந்தப் பெயரில் கூப்பிட்டதால் வந்த வினை. ஆனால் அமெரிக்காவில் இன்று கென்னடி பெரும்பாலும் பெண் குழந்தைக்கு வைக்கும் பெயர். நம்ம ஊர் மீசைக்காரக் கென்னடிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம்!

டீக்கடையில் ரெண்டு கட்சி

பாரிமுனைப் பக்கம் டீக்கடை ஒன்றில் இந்தப் பேச்சை எடுத்துப் போட்டேன். வழக்கு இரண்டாகப் பிரிந்தது.

இரும்புக்கடை வைத்திருக்கும் பெரியவர் எடுத்த எடுப்பில் எதிர்த்தார். "குழந்தைக்குக் குழந்தை பேரா வைங்கய்யா. காந்தின்னு வச்சா அவன் ஒரு பீடி பிடிக்க முடியுமா? பள்ளிக்கூடத்துல ஒரு பொய் சொன்னா, 'ஏண்டா, காந்தின்னு பேரு வச்சுக்கிட்டு பொய்யா'ன்னு வாத்தியார் ரெண்டு அடி சேர்த்துப் போடுவார்" என்றார்.

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பத்திரிகை ஆபீசுக்கே இந்தச் சங்கடம் உண்டு. 'சைக்கிள் திருட்டு: நேரு பிடிபட்டார்' என்று எழுதப் பேனா தயங்கத்தானே செய்யும்?

பேங்க் குமாஸ்தா ஒருவருக்கு வேறு குறை. "சார், நெல்சன்னா நீல் என்பவரின் மகன். ஜான்சன்னா ஜானின் மகன். எங்க ஆபீஸ்ல க.ஜான்சன்னு ஒருத்தர். 'க'ன்னா கந்தசாமி. அப்ப அவரு கந்தசாமி மகனா, ஜான் மகனா?" என்று கேட்டார். கடையே சிரித்தது.

பெஞ்சின் ஓரத்தில் ஒருவர் அதுவரை வாயே திறக்கவில்லை. அச்சகத்தில் வேலை. டீ கிளாசை வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, என் பேரு போஸ். நாப்பது வருசமா இந்த ஊர்ல இருக்கேன். பேரை வச்சு நான் என்ன சாதின்னு ஒருத்தனாலயும் கண்டுபிடிக்க முடியல. எங்க அப்பன் எனக்கு வேற சொத்து எதுவும் வைக்கல. இதைத்தான் வச்சுட்டுப் போனாரு."

கடையில் சிரிப்பு நின்றது. இரும்புக்கடைப் பெரியவரும் பதில் பேசவில்லை.

சாதி ஒட்டாத பெயர்

விஷயமே இதுதான். வங்காளத்தில் போஸ் என்றால் காயஸ்தர் என்று கேட்டவுடன் தெரியும். குஜராத்தில் பட்டேல் என்றால் தெரியும். காஷ்மீர் பண்டிட்டுகளிடம் நேரு என்றால் தெரியும். அங்கே குடும்பப் பெயரே சாதிச் சீட்டு. அதே பெயர் விந்திய மலையைத் தாண்டி இங்கே வந்து, ஒரு ஏழை வீட்டுத் தொட்டிலில் ஏறியவுடன் சாதி கழன்று விழுந்துவிடுகிறது.

நம்ம ஊரிலும் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்ட காலம் உண்டு. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயரோடு சாதிப் பட்டம் சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். பட்டம் மெல்ல மெல்ல உதிர்ந்தது. ஆனால் சொந்தப் பெயர் மாட்டிக்கொண்டது. இன்ன சாமி பெயரா, இன்ன ஊர்க்காரன், இன்ன தெருக்காரன் என்று கணக்குப் போட ஆட்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். லெனின், ரூசோ, இங்கர்சால், லிங்கன் என்று வைத்தால் அந்தக் கணக்கு தடுமாறும். பெற்றோர் எல்லோரும் இதை நினைத்துத்தான் வைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேர் மோகத்தில் வைத்தார்கள். ஆனாலும் பலன் பிள்ளைக்குத்தானே?

திருவல்லிக்கேணி வாஷிங்டன்

மரியாதைக்காக வைத்ததும் உண்டு. கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தரின் பெயரைக் கேட்டு, அமெரிக்க ஜனாதிபதி நினைவாக வைத்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. திருவல்லிக்கேணியில் பி.டி.வாஷிங்டன் என்று ஒரு ஓய்வுபெற்ற ராணுவக்காரர் இருந்தார். கிரிக்கெட் பிரியர். சுந்தரின் தந்தை எம்.சுந்தர் சிறு வயதில் மெரினாவில் ஆடுவதைப் பார்த்து, பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் வாங்கிக் கொடுத்தார். மைதானத்துக்குத் தன் சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போனார். 1999-ல் காலமானார். அந்த வருஷம் அக்டோபரில் பிள்ளை பிறந்தது. வழக்கப்படி காதில் ஸ்ரீனிவாசன் என்று சாமி பெயரைச் சொல்லிவிட்டு, கூப்பிட வாஷிங்டன் என்று வைத்தார் அப்பா.

அமெரிக்கக் குடும்பப் பெயர், திருவல்லிக்கேணி ராணுவக்காரருக்குச் சொந்தப் பெயர், பிறகு ஒரு நன்றிக் கடன்! 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் அவர் 62 ரன் அடித்தபோது வெளிநாட்டு வர்ணனையாளர்கள் 'சுந்தர், சுந்தர்' என்று கூவினார்கள். அடித்தது பிள்ளை, பெயர் அப்பாவுக்கு! செஸ் வீரர் ஆனந்துக்கும் இதே கதிதான். வெள்ளைக்காரர்கள் செல்லமாக 'விஷி' என்கிறார்கள். விஸ்வநாதன் அவருடைய அப்பா.

பாஸ்போர்ட் தகராறு

நிஜமான சிக்கல் இங்கேதான். பாஸ்போர்ட் மனுவில் இரண்டு கட்டம். ஒன்று சொந்தப் பெயர், இன்னொன்று குடும்பப் பெயர். நம்ம ஆட்கள் முதல் கட்டத்தில் 'காந்தி' என்று எழுதி, இரண்டாவதை வெறுமனே விட்டுவிடுவார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அதற்குள் எத்தனை பேருக்கு வயிறு கலங்கியதோ!

அமெரிக்க விசாவில் இன்னும் வேடிக்கை. பெயர் ஒன்றே ஒன்றுதான் என்றால் அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு, சொந்தப் பெயர் கட்டத்தில் 'எப்.என்.யு.' என்று அடிப்பார்கள். 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். நம்ம காந்தி அங்கே 'பெயர் தெரியாத காந்தி' ஆகிவிடுவார்!

ஆகவே எந்தப் பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். இரண்டாவது கட்டத்தில் அப்பா பெயரையோ, அம்மா பெயரையோ முழுசாக எழுதிவிடுங்கள். இனிஷியலை மட்டும் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். பிறப்புச் சான்றிதழிலும், பள்ளிச் சான்றிதழிலும் ஒரே எழுத்தாக இருக்கட்டும்.

இதைச் சொன்னதும் அச்சகக்காரர் போஸ் சிரித்தார். அவர் மகளுக்குக் கொல்கத்தாவில் வேலை. ஆவணத்தில் எல்லாம் குடும்பப் பெயர் இடத்தில் 'போஸ்' என்றுதான் இருக்கிறதாம். வீட்டுக்கார அம்மாள் ஆசையாக வங்காளத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். 'இல்லைம்மா, அது எங்க அப்பா பேரு, நாங்க ராமநாதபுரம்' என்று மகள் விளக்கியதும் அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாராம். "ஆனா அட்வான்சுல ஒரு பைசா குறைக்கல சார்" என்றார் போஸ்.

மகள் இப்போது பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். போன வாரம் ஆண் குழந்தை.

"என்ன பேரு?" என்று கேட்டேன்.

"எங்க சார்! மாப்பிள்ளை ஒண்ணு சொல்றாரு, சம்பந்தியம்மா ஒண்ணு சொல்றாங்க, நான் ஒண்ணு சொல்றேன். இப்போதைக்குக் குழந்தைன்னு மட்டும் பதிஞ்சிருக்கோம். பேரைச் சேர்க்கப் பன்னிரண்டு மாசம் வரைக்கும் பணம் கட்ட வேண்டாமாமே? அதுக்குள்ள சண்டை தீர்ந்துரும்" என்று சொல்லிவிட்டு, டீக்குக் காசை வைத்துவிட்டுக் கிளம்பினார்.