ஆளுக்குப் பதில் ரத்தம் கடல் கடக்கலாமா?

சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து வரும் பயணிகள் கப்பல்கள் அந்தமானில் அணையும் இடம் ஹேடோ துறைமுகம். சென்னைக்கும் இந்தத் துறைக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கடல் ஒத்துழைத்தால் 60 மணி நேரத்தை ஒட்டிய பயணம். அந்தக் கப்பலில் வைத்தியத்துக்காக மெயின்லேண்டுக்குப் போகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாம் அடைத்த பிளாஸ்டிக் பையை மடியிலிருந்து இறக்காமல் வைத்திருப்பார்கள். புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிய எழுபது வயதுப் பெரியவர் ஒருவருக்கு அந்தப் படுக்கை வகுப்பில் மூன்று நாள் என்பது சாதாரண வேதனை இல்லை. விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்தான். ஆனால் துணைக்கு வரும் மகனுக்கும் சேர்த்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிக்கெட் எடுப்பது எல்லாக் குடும்பத்துக்கும் முடியாது.

இந்த நோயை ரத்தத்தின் வழியாகவே பெருமளவு பின்தொடரலாம் என்றால், ஆள் போகாமல் ரத்தம் மட்டும் போனால் போதாதா? சிலவற்றுக்கு ரத்தம்கூடப் போக வேண்டாம், ஊரிலேயே பார்த்துவிடலாம். சிலவற்றுக்கு ரத்தம் மட்டும் போனால் போதும். வேறு சிலவற்றில் ஆளே போயாக வேண்டும், அதுவும் தாமதமில்லாமல். இந்த மூன்றையும் பிரித்தறிவது தீவில் வாழும் நோயாளிக்கு மருந்து அளவுக்கே முக்கியம்.

2022-ஆம் ஆண்டுக் கணக்கில் உலகம் முழுவதும் சுமார் 14.7 லட்சம் ஆண்களுக்குப் புதிதாகப் புராஸ்டேட் புற்றுநோய் வந்தது. இந்தியாவில் அந்த எண்ணிக்கை 38 ஆயிரத்தை ஒட்டி வரும். 2020-க்கும் 2040-க்கும் இடையே உலக எண்ணிக்கை இரட்டிப்பாகும் என்று 2024-இல் லான்செட் ஆணையம் கணித்தது. அந்த உயர்வு நம்மைப் போன்ற நாடுகளில்தான் வேகமாக இருக்கும். மேலை நாடுகளில் பெரும்பாலோருக்கு நோய் சுரப்பிக்குள் இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது. நம் ஊரில் ‘வயசாயிடுச்சு, ஒண்ணுக்கு அடிக்கடி போகுது’ என்று தள்ளிப்போட்டு, இடுப்பு வலி தாங்காமல் எலும்பு மருத்துவரிடம் போய், அங்கிருந்து புற்றுநோய் மருத்துவரிடம் வருகிறவர்கள் பலர். அவர்களுக்கு இந்த நோயை அடியோடு ஒழிப்பது கடினம். ஆனால் பல ஆண்டுகள் கட்டுக்குள் வைக்க முடியும், அந்தக் கட்டுப்பாட்டின் கணக்கு ரத்தத்தில் எழுதப்படுகிறது.

அந்தக் கணக்கு தொடங்கியது 1941-இல். சிகாகோவைச் சேர்ந்த சார்லஸ் ஹக்கின்ஸ், பரவிய புராஸ்டேட் புற்றுநோயாளிகளின் விரைகளை நீக்கியபோது ரத்தத்தில் ஆசிட் பாஸ்படேஸ் என்ற நொதி சரிவதைக் காட்டினார். ஆண் ஹார்மோனை நிறுத்தினால் நோய் அடங்குகிறது, அடங்குவதை ரத்தத்தில் அளக்கலாம் என்ற இரண்டு உண்மைகளும் ஒன்றாக வெளிவந்தன. 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று எல்லோரும் சொல்லும் பிஎஸ்ஏ என்ற புரதத்தை அமெரிக்காவின் ராஸ்வெல் பார்க் ஆய்வுக்கூடம் 1979-இல் பிரித்தெடுத்தது. அமெரிக்க அரசு 1986-இல் அந்தச் சோதனைக்கு அனுமதி தந்தபோது, ஏற்கெனவே நோய் உறுதியானவரைப் பின்தொடரவே தந்தது. நோயைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் அனுமதி 1994-இல்தான் வந்தது. பிஎஸ்ஏ பிறந்ததே முற்றிய நோயாளிக்காக என்று சொல்லலாம்.

ஹார்மோன் ஊசி போட்டோ, விரை நீக்க அறுவை செய்தோ சிகிச்சை தொடங்கிய பிறகு பிஎஸ்ஏ எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி. அமெரிக்கப் பெரு ஆய்வு ஒன்று, பரவிய நோய் கொண்டவர்களை ஏழாவது மாதத்தில் மூன்றாகப் பிரித்துப் பார்த்தது. பிஎஸ்ஏ 0.2 அல்லது அதற்குக் கீழே இறங்கியவர்களில் பாதிப்பேர் 75 மாதங்களைக் கடந்து வாழ்ந்தார்கள். 0.2-க்கும் 4-க்கும் இடையே நின்றவர்களில் பாதிப்பேர் 44 மாதங்கள். 4-க்கு மேலேயே நின்றவர்களில் 13 மாதங்கள்தான். இது 2006-இல் வெளியான ஆய்வு, புதிய மாத்திரைகள் வருவதற்கு முந்தைய காலத்துக் கணக்கு. மாதங்களை அப்படியே நம் வீட்டுப் பெரியவருக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் வரிசை மாறவில்லை. ஏழாம் மாத பிஎஸ்ஏ ரிப்போர்ட்டைத் தவறவிடக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். தீவு மக்களுக்கு நல்ல சேதி, பிஎஸ்ஏ பார்க்க அரிய கருவி எதுவும் தேவையில்லை. ஹார்மோன் சோதனைகள் செய்யும் ஓரளவு பெரிய ஆய்வகமே போதும்.

இந்த எண்கள் எல்லாம் யாருடைய உடம்பில் எடுத்தவை என்று கேட்பது நியாயம். ஹார்மோன் சிகிச்சை பெற்ற ஜப்பானிய, அமெரிக்க ஆண்களின் பதிவேடுகளை ஓர் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஜப்பானியர் இந்நோயால் இறக்கும் அபாயம் அமெரிக்கரைவிடப் பாதியளவுதான் இருந்தது. உணவு, ஊர், மருத்துவமுறை காரணமாக இருக்கலாமே என்றால், ஹவாயில் ஒரே ஊர்க்காற்றைச் சுவாசித்த ஜப்பானிய வம்சாவளியினரும் வெள்ளையரைவிட நன்றாகவே இருந்தார்கள் என்று அதற்கு முன்பே ஓர் ஆய்வு காட்டியிருந்தது. சீன ஆண்கள் 208 பேரின் கட்டிகளை மரபணு வரை பிரித்து 2020-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அதில் 41 சதவீதத்தினருக்கு ஃபாக்ஸ்ஏ1 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது, மேலை நாட்டு நோயாளிகளிடம் இது இவ்வளவு பரவலாக இல்லை. மேலை நாடுகளில் ஏறத்தாழ பாதிக் கட்டிகளில் காணும் ஒரு மரபணு இணைப்பு ஆசியர்களிடம் வெகு குறைவு. ஆக, நோயின் பெயர் ஒன்றானாலும் அதன் உள்கட்டு ஒன்றில்லை. ஆனால் ஜப்பானியரையும் சீனரையும் தமிழரையும் ‘ஆசியர்’ என்று ஒரே பெட்டியில் போடுவதும் சரியாகாது. பெரிய மருந்து ஆய்வுகளில் இந்தியர்கள் மிகக் குறைவாகவே இடம்பெறுகிறார்கள். அடையாற்றிலும் வேலூரிலும் மும்பை டாடா மருத்துவமனையிலும் குவியும் நோயாளிகளின் ரத்தக் கணக்கு முறையாகத் தொகுக்கப்பட வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதனால்தான்.

பிஎஸ்ஏ ஒருநாள் மறுபடி ஏறத் தொடங்கும். பெரும்பாலான வீடுகளில் பீதி அங்கேதான் ஆரம்பிக்கிறது. 0.3 இருந்தது 0.5 ஆனதும் கப்பல் டிக்கெட் தேடுகிறார்கள். உலக அளவில் மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் வேறு: தொட்ட அடிமட்டத்திலிருந்து குறைந்தது 25 சதவீதமும், எண்ணளவில் மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமும் கூடி, மூன்று வாரமாவது கழித்து எடுத்த இன்னொரு சோதனையிலும் அது உறுதியாக வேண்டும். கூடவே டெஸ்டோஸ்டிரோன் அளவையும் பார்க்க வேண்டும். அது டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் மட்டுமே மருந்துக்கு நோய் பணியவில்லை என்று பொருள். அதற்கு மேலே இருந்தால் ஊசி தவறியிருக்கலாம் அல்லது தேதி தள்ளிப்போயிருக்கலாம். கப்பல் கிடைக்காமல் மூன்று மாத ஊசி நான்காம் மாதத்துக்குப் போன தீவுவாசிக்கு இது வெறும் பாடப்புத்தகச் செய்தி இல்லை. அந்த டெஸ்டோஸ்டிரோன் ரிப்போர்ட் இல்லாமல் அடுத்தகட்ட விலையுயர்ந்த மாத்திரைக்குத் தாவுவது வீண் செலவு.

இன்னும் இரண்டு சங்கதிகள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் கருவி மாறும், எண்ணும் கொஞ்சம் மாறும். ஒருமுறை சென்னையிலும் மறுமுறை ஊரிலும் பார்த்து இரண்டையும் ஒப்பிட்டால் இல்லாத ஏற்றம் தெரியும். ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். மேலும், சிறுநீர்க் குழாய் மாட்டியிருந்தாலோ, சிறுநீரில் கிருமித்தொற்று இருந்தாலோ பிஎஸ்ஏ ஏறும்.

பிஎஸ்ஏ அடங்கியிருக்க, நோய் மட்டும் ஓடுவதும் உண்டு. நீண்ட சிகிச்சைக்குப் பிறகு சில கட்டிகள் தம் இயல்பையே மாற்றிக்கொண்டு பிஎஸ்ஏ சுரப்பதை விட்டுவிடும். ரிப்போர்ட்டில் ‘நார்மல்’, ஆளோ இளைத்துக்கொண்டே போவார். எல்டிஹெச் என்ற நொதி உயர்வது, கல்லீரல் சோதனைகள் கெடுவது, குரோமோகிரானின் ஏ என்ற புரதம் கூடுவது ஆகியவை அப்போது எச்சரிக்கை தரும். எண்ணை நம்பி ஆளைப் பார்க்காமல் விடக் கூடாது.

எலும்புக்குப் பரவிய நோயில் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி மலிவான, நல்ல சாட்சி. ஆனால் சிகிச்சை பலிக்கத் தொடங்கும் முதல் வாரங்களில் எலும்பு ஆறும்போதும் அது ஏறும். வைட்டமின் டி குறைந்தாலும் ஏறும், நம்மிடையே அந்தக் குறை பரவலாக உண்டு. ஹார்மோன் சிகிச்சையே ஹீமோகுளோபினை ஒன்றிரண்டு புள்ளி இறக்கிவிடும், அதை நோய் முற்றியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரத்த வெள்ளணுக்களில் நியூட்ரோபில், லிம்போசைட் விகிதத்தையும் இப்போது பார்க்கிறார்கள், அது கூடினால் போக்கு நல்லதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அந்தமானில் இதைப் படிக்கத் தனிக் கவனம் வேண்டும். இங்கே லெப்டோஸ்பைரோசிஸ் எனும் எலிக்காய்ச்சல் பழைய பகை. 1980-களின் இறுதியில் திக்லிப்பூர்ப் பக்கம் ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்று அஞ்சப்பட்டது அதுதான் என்று பின்னர் தெரியவந்தது. போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக மையம் அதில் பெயர்பெற்றது. எலிக்காய்ச்சலில் நியூட்ரோபில் ஏறும், சிறுநீரகச் சோதனையும் கெடும். மழைக்காலத்தில் காய்ச்சலோடு வந்த பெரியவரின் அந்த விகிதத்தைப் பார்த்து ‘புற்றுநோய் முற்றிவிட்டது’ என்று சொல்லிவிட்டால் பெரும் அநியாயம்.

இனி, கடல் கடக்க வேண்டிய ரத்தத்துக்கு வருவோம். கட்டி தன் மரபணுத் துணுக்குகளை ரத்தத்தில் சிந்துகிறது. அவற்றில் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, ஏடிஎம் போன்ற மரபணுக்கள் பழுதாகியிருக்கின்றனவா என்று பார்த்தால் ஓலபரிப் மாத்திரை யாருக்குப் பயன்படும் என்று தெரியும். 2020-இல் வெளியான ஆய்வில், இந்த மூன்றில் ஒன்று பழுதான நோயாளிகளிடம் ஓலபரிப் நோயை 7.4 மாதங்கள் நிறுத்திவைத்தது, ஒப்பீட்டு மருந்து 3.6 மாதங்கள். சாதாரண ஊதா மூடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து வைத்தால் சில மணி நேரத்தில் வெள்ளணுக்கள் உடைந்து தம் சொந்த மரபணுவைக் கொட்டிவிடும், கட்டியின் துணுக்கு கடலில் கரைத்த பெருங்காயம் ஆகிவிடும். அதனால் அணுக்களைக் கட்டிவைக்கும் மருந்து பூசிய தனிக் குழாய்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ரத்தம் எடுத்தவுடன் எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது, உறையவிடக் கூடாது. அப்படிச் செய்தால் அறை வெப்பத்திலேயே ஒரு வாரத்துக்கும் மேல் தாங்கும். கூரியரில் சென்னைக்குப் போவதற்கு அந்த அவகாசம் தாராளம். ரத்தத்தில் மிதக்கும் முழுப் புற்றணுக்களை எண்ணும் சோதனைக்கும் தனிக் குழாய் உண்டு, அதற்குக் கெடு 96 மணி நேரம். ஆனால் அந்த எண்ணிக்கை வருங்காலத்தைச் சொல்லுமே தவிர, நம் ஊரில் சிகிச்சையை மாற்றுவது அரிது. கையில் பணம் குறைவென்றால் அதை விட்டுவிடலாம்.

எப்போது எடுக்கிறோம் என்பதும் முக்கியம். சிகிச்சை நன்றாகப் பலிக்கும்போது கட்டி அதிகம் சிந்தாது, சோதனை ‘ஒன்றுமில்லை’ என்று பொய்யாகச் சொல்லும். பிஎஸ்ஏ ஏறும் காலத்தில், புது மருந்து தொடங்கும் முன் எடுப்பதே சரி. அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது பிறவி மரபணுச் சோதனை. வாழ்நாளில் ஒருமுறை போதும், ஊதா மூடிக் குழாயே போதும், எச்சிலிலும் பார்க்கலாம். பரவிய நோய் கொண்ட 692 ஆண்களிடம் 2016-இல் பார்த்தபோது 11.8 சதவீதத்தினருக்கு டிஎன்ஏவைச் செப்பனிடும் ஏதாவதொரு மரபணு பிறவியிலேயே பழுதாகியிருந்தது. ஜப்பானில் எல்லாக் கட்ட நோயாளிகளையும் சேர்த்து 7,636 பேரைப் பார்த்ததில் 2.9 சதவீதம். பிஆர்சிஏ2 பழுது அப்பாவிடம் இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வர ஐம்பது சதவீத வாய்ப்பு. மகளுக்கு அது மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயம். அப்பாவுக்கு எடுத்த ஒரு குழாய் ரத்தம் மகளின் உயிரைக் காக்கலாம் என்பதால், இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

ரத்தச் சோதனை செலவைக் குறைக்கவும் செய்யும். ஆண் ஹார்மோனை அடக்கும் அபிராடெரோன் மாத்திரையை வெறும் வயிற்றில் 1,000 மில்லிகிராம் எடுப்பது வழக்கம். கொழுப்பு குறைந்த காலை உணவோடு 250 மில்லிகிராம் எடுத்தால் போதுமா என்று 72 நோயாளிகளிடம் சிகாகோ மருத்துவர்கள் பார்த்தார்கள். 12 வாரத்தில் பிஎஸ்ஏ இறக்கம் குறைந்த அளவு எடுத்தவர்களிடமும் குறையவில்லை என்று 2018-இல் அறிவித்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் இட்லியோடு கால்பங்கு மருந்து என்பது நம் நாட்டில் எத்தனையோ பேருக்கு சிகிச்சை நிற்காமல் தொடர வழி. மருத்துவர் சொல்லாமல் தானாக யாரும் குறைக்கக் கூடாது, குறைத்தால் 12-ஆம் வார பிஎஸ்ஏ கட்டாயம். எழுபது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் 2024 அக்டோபர் முதல் ஆயுஷ்மான் பாரத் அட்டை உண்டு என்பதையும் குடும்பத்தார் நினைவில் கொள்ள வேண்டும்.

எந்தக் குழாய்க்கும் எந்த எண்ணுக்கும் காத்திருக்கக் கூடாத நேரம் ஒன்று இருக்கிறது. முதுகுவலி திடீரென்று கூடி, கால் பலமிழந்து, மரத்துப்போய், சிறுநீர் நின்றுவிட்டால் கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறது என்று பொருள். ரத்தம் எடுத்து ரிப்போர்ட் வரட்டும் என்று ஒருநாள் கடத்தினாலும் கால் திரும்பாமல் போகலாம். மெயின்லேண்ட் மருத்துவரிடம் போனில் பேசிக்கொண்டிருக்காமல், டிக்கெட் பார்க்காமல், அந்த நேரமே அட்லாண்டா பாயிண்டில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வாசலிலேயே ‘இவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் எலும்பில் பரவியிருக்கிறது, கால் இழுத்துவிட்டது’ என்று சொல்லுங்கள். வீக்கம் வற்றுவதற்கான ஸ்டீராய்டு ஊசியை அங்கேயே தொடங்கிவிட்டு, மற்றதை அவர்கள் முடிவு செய்வார்கள்.