நிணம் என்னும் சேமிப்பு

தமிழில் 'கொழு' என்னும் வேர்ச்சொல்லிலிருந்து முரண்பட்ட இரு பொருள்கள் பிறந்துள்ளன. 'கொழுமை' என்பது வளத்தையும் செழிப்பையும் குறிக்கும். 'அவனுக்குக் கொழுப்பு மிகுதி' என்பதோ செருக்கைச் சுட்டும் வசைமொழி. சங்கப் புலவர்கள் 'நிணம்' என வழங்கிய பொருள் ஒருபுறம் போற்றவும் மறுபுறம் பழிக்கவும் படுகிறது. இறைச்சிக்காக வளர்க்கப்படும் விலங்குகளின் வரலாற்றிலும் இவ்விரு பார்வைகளும் மாறிமாறி வந்துள்ளன. மனிதன் ஒரு காலத்தில் விலங்கின் கொழுப்பை விரும்பிப் பெருக்கினான். மற்றொரு காலத்தில் வெறுத்துக் குறைத்தான். ஆயின், விலங்கிற்கோ கொழுப்பு என்பது உயிர்வாழ்வதற்கான சேமிப்பு. அச்சேமிப்பு எவ்வாறு வளர்கிறது என்பதை அறிந்தால்தான், அதில் கைவைப்பதன் விளைவும் விளங்கும்.

சேமிக்கும் செல்கள்

முதிர்ந்த கொழுப்புச் செல்லை நுண்ணோக்கியில் கண்டால், ஒரே எண்ணெய்த்துளி செல் முழுவதையும் அடைத்துக்கொண்டிருப்பதும், உட்கரு ஓரத்திற்குத் தள்ளப்பட்டிருப்பதும் தெரியும். அத்துளியில் இருப்பது டிரைகிளிசரைடு. கிளிசரால் ஒன்றுடன் கொழுப்பு அமிலங்கள் மூன்று இணைந்து இது உருவாகிறது. ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 9 கிலோகலோரி ஆற்றலைத் தரும். மாவுச்சத்தும் புரதமும் ஏறத்தாழ 4 கிலோகலோரி தரும். குறைந்த எடையில் மிகுந்த ஆற்றலைச் சேமிக்க இயற்கை கண்ட வழி கொழுப்பு.

கொழுப்புத்திசு இருவகையில் வளர்கிறது. முன்னோடிச் செல்கள் புதிய கொழுப்புச் செல்களாக மாறுவதால் எண்ணிக்கை பெருகுவது ஒருவகை. இருக்கும் செல்கள் கொழுப்பை நிரப்பிக்கொண்டு பருப்பது மற்றொரு வகை. இளம்பருவத்தில் எண்ணிக்கைப் பெருக்கமும், வயது ஏறஏறச் செல்லின் பருமனும் மேலோங்குகின்றன. விலங்கு மெலியும்போது இச்செல்கள் பெரும்பாலும் அழிவதில்லை, சுருங்குகின்றன. தீவனம் மீண்டும் கிடைத்ததும் அவை நிரம்புகின்றன.

வளர்ச்சியின் வரிசை

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஹாம்மண்ட், செம்மறியாடுகளின் வளர்ச்சியை விரிவாக ஆராய்ந்து 1932ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். உடலின் திசுக்கள் யாவும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை என்பதை அவர் ஆய்வு விளக்கியது. முதலில் எலும்பும், அடுத்துத் தசையும், இறுதியில் கொழுப்பும் விரைந்து வளர்கின்றன. இன்றியமையாத உறுப்புகளின் தேவை நிறைவேறிய பின்னரே எஞ்சிய உணவு சேமிப்புக்குச் செல்கிறது.

கொழுப்பு படியும் இடங்களுக்கும் ஒரு முறை உண்டு. சிறுநீரகத்தையும் குடலையும் சூழ்ந்த கொழுப்பு பொதுவாக முந்தி வளர்கிறது. தசைகளுக்கு இடையிலும் தோலுக்கு அடியிலும் படிவது அடுத்த நிலை. தசையின் உள்ளே இழைகளுக்கு இடையில் வெண்கோடுகளாகப் படிவது பெரும்பாலும் கடைசி நிலை. இறைச்சிக்குச் சுவையும் மென்மையும் சேர்ப்பதாக உண்போர் விரும்புவது இக்கடைசிக் கொழுப்பையே. அதைப் பெறுவதற்குள் உடலின் பிற பகுதிகளும் கொழுத்துவிடுகின்றன. தசையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். கொழுப்புத்திசுவிலோ நீர் மிகக் குறைவு. எனவே ஒரு கிலோ தசை வளரத் தேவைப்படுவதைவிட, ஒரு கிலோ கொழுப்பு வளரப் பன்மடங்கு ஆற்றல் தேவைப்படுகிறது. அச்செலவைத் தீவனமாகத் தருபவர் விலங்கு வளர்ப்பவர்.

விலங்கிற்கு ஒரு வழி

கொழுப்பை ஆக்கும் முறை விலங்கிற்கு விலங்கு வேறுபடுகிறது. மாட்டின் நான்கறை வயிற்றில் முதல் அறை, நுண்ணுயிரிகள் வாழும் பெரிய நொதித்தல் கலம். அவை புல்லையும் வைக்கோலையும் சிதைத்து அசிட்டிக் அமிலம் முதலான சிறு அமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டின் கொழுப்புத்திசு அந்த அசிட்டிக் அமிலத்தைக்கொண்டே கொழுப்பு அமிலங்களை உருவாக்குகிறது. தீவனத்தில் உள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களில் பெரும்பகுதியையும் நுண்ணுயிரிகள் நிறைவுற்றவையாக மாற்றிவிடுகின்றன. மாட்டுக்கொழுப்பு கெட்டியாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

பன்றி, மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் குளுக்கோஸைக் கொழுப்புத்திசுவிலேயே கொழுப்பாக மாற்றுகிறது. எண்ணெய் மிகுந்த தீவனத்தை உண்டால் அதன் கொழுப்பும் இளகிப்போகும். கோழியிடம் இப்பணியைச் செய்வது கல்லீரல். அங்கு உருவான கொழுப்பு, குருதியின் வழியே சேமிப்பிடங்களைச் சென்றடைகிறது.

வரவும் செலவும்

கொழுப்பு ஒருமுறை படிந்து அசையாமல் கிடப்பதன்று. ஆக்கமும் சிதைவும் இடைவிடாது நிகழ்கின்றன. ஆக்கம் விஞ்சினால் விலங்கு கொழுக்கிறது, சிதைவு விஞ்சினால் மெலிகிறது. உணவுண்ட பின் சுரக்கும் இன்சுலின் சேமிப்பைத் தூண்டுகிறது. பசி, குளிர், அச்சம் ஆகியவை நேரும்போது அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள், கொழுப்பைச் சிதைக்கும் நொதிகளை ஏவுகின்றன. விடுபட்ட கொழுப்பு அமிலங்கள் தசைகளுக்கு எரிபொருளாகின்றன. கன்று ஈன்ற பசு, உண்ணும் தீவனம் போதாதபோது, தன் உடற்கொழுப்பைக் கரைத்தே பால் சுரக்கிறது. பிறந்த ஆட்டுக்குட்டி, தன் உடலில் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்து வெப்பமாக்கிக் குளிரைத் தாங்குகிறது.

1994ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர், எலிகளை ஆராய்ந்து லெப்டின் என்னும் ஹார்மோனுக்குரிய மரபணுவைக் கண்டறிந்தனர். கொழுப்புச் செல்களே சுரக்கும் இந்த ஹார்மோன், சேமிப்பின் அளவை மூளைக்குத் தெரிவிக்கிறது. வெறும் கிடங்கு எனக் கருதப்பட்ட கொழுப்புத்திசு, பசியையும் இனப்பெருக்கத்தையும் நெறிப்படுத்தும் உறுப்பு என்பது இதனால் தெளிவாயிற்று.

போற்றிய காலமும் வெறுத்த காலமும்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கொழுப்பு ஒரு செல்வம். மெழுகுவத்திக்கும் சோப்புக்கும் அது மூலப்பொருள். கடும் உழைப்பாளிகளுக்கு ஆற்றல் மிக்க உணவு. 1796இல் பிறந்த 'டர்ஹாம் எருது' 1,000 கிலோகிராமுக்கும் மிகுந்த எடையுடன் தனி வண்டியில் ஏற்றப்பட்டு, நாடெங்கும் காட்சிக்கு வைக்கப்பட்டது.

பின்னர் நிலைமை மாறியது. தாவர எண்ணெய்கள் பெருகின, உடலுழைப்புக் குறைந்தது, கொழுப்புக் குறைந்த இறைச்சியை மக்கள் நாடினர். பிரித்தானியச் சந்தைக்குப் பன்றி இறைச்சி அனுப்பிய டென்மார்க், 1907ஆம் ஆண்டிலேயே ஆய்வு நிலையம் அமைத்தது. பன்றிகளின் வழித்தோன்றல்களை அங்கு வளர்த்து, இறைச்சியின் தரத்தை அளந்து, சிறந்தவற்றின் பெற்றோரையே இனப்பெருக்கத்திற்குத் தேர்ந்தெடுத்தனர். தலைமுறைதோறும் தொடர்ந்த இத்தகைய தேர்வால் பன்றியின் முதுகுக் கொழுப்பு மெலிந்தது.

திருத்தத்தின் விலை

பெல்ஜியத்தின் பியட்ரைன் பன்றி, மெலிந்த கொழுப்புக்கும் திரண்ட தசைக்கும் பெயர்பெற்றது. அவ்வினத்திலும் வேறு சில இனங்களிலும் பரவியிருந்த ஒரு மரபணு மாற்றம், தசையைப் பெருக்கியதோடு ஒரு கேட்டையும் உடன்கொணர்ந்தது. வண்டியில் ஏற்றும் பதற்றத்திலேயே சில பன்றிகள் மடிந்தன. பலவற்றின் இறைச்சி வெளிறி, நெகிழ்ந்து, நீர் கசிந்தது. 1991ஆம் ஆண்டில் அம்மரபணு மாற்றம் கண்டறியப்பட்ட பின், குருதிச் சோதனையால் அதை விலக்க முடிந்தது.

அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு மையத்தில், வேற்றுயிரின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைப் பன்றிகளுக்குள் செலுத்தினர். அவற்றின் கொழுப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் மூட்டழற்சி, இரைப்பைப் புண், இதய நோய், சிறுநீரக நோய் ஆகியவை அவற்றை வாட்டியதாக 1989இல் வெளியான ஆய்வறிக்கை கூறியது.

கொழுப்பைக் கூட்டுவதிலும் இடர் உண்டு. கொழுப்புச் செல்கள் உருவாவதை வைட்டமின் ஏ தடுப்பதால், ஜப்பானில் வாக்யு மாடுகளுக்கு அதைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. அளவுக்கு மீறிக் குறைந்தால் மாடு பார்வையை இழக்கும். கறிக்கோழிகளை ஈனும் தாய்க்கோழிகளின் நிலையும் எண்ணத்தக்கது. விரைந்து வளரும் மரபுடைய அவை, விரும்பிய அளவு உண்டால் கொழுத்து முட்டையிடும் திறன் குன்றும். ஆகவே, வளரும் பருவத்தில் அவற்றுக்குத் தீவனம் அளந்தே தரப்படுகிறது. குஞ்சுகள் வேகமாக வளர்வதற்காகத் தேர்ந்தெடுத்த மரபு, தாய்களைப் பசியில் நிறுத்துகிறது.

மரபணு ஒன்று தசையை மட்டும் தொடுவதில்லை; ஹார்மோன் ஒன்று கொழுப்புடன் நின்றுவிடுவதில்லை. கைதேர்ந்த வளர்ப்போர் மாட்டின் விலாவையும் முதுகெலும்பையும் தடவிப்பார்த்து, உடல்நிலைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுவர். அங்கு ஒன்றும் நன்றன்று, ஐந்தும் நன்றன்று. சந்தை கேட்கும் அளவைக் காணும் கண், விலங்கிற்கு வேண்டிய அளவையும் காணவேண்டும் என்பதே கொழுப்பின் அறிவியல் கற்பிக்கும் பாடம்.