நடந்தால் வெள்ளம் தெரியும், மிதித்தால் மழை தெரியும்

கனடாவில் பிறக்கும் கொலம்பியா ஆறு ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் ஓடி, அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் பசிபிக் பெருங்கடலில் கலக்கிறது. கடலுக்குப் போகும் வழியில் கேஸ்கேட் என்ற மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. ஆறு அந்த மலைத்தொடரையே அறுத்துக்கொண்டு போய்விட்டது! அறுத்த இடுக்கு சுமார் 130 கிலோமீட்டர் நீளம். சில இடங்களில் 1,200 மீட்டர் ஆழம். வடகரை வாஷிங்டன் மாநிலம், தென்கரை ஒரேகான் மாநிலம்.

நெடுஞ்சாலையில் காரில் போனால் ஒன்றரை மணி நேரத்தில் இந்த இடுக்கைத் தாண்டிவிடலாம். ஆனால் இங்கே பார்க்க வேண்டியவற்றில் பாதி, காரில் போகிறவர்கள் கண்ணில் படவே படாது. அதனால் நாம் முதலில் நடப்போம். பிறகு சைக்கிள் எடுப்போம்.

தென்கரையில் மல்ட்னோமா என்று ஓர் அருவி. 189 மீட்டர் உயரம். அதன் நடுவே 1914இல் கட்டிய ஒரு நடைபாலம் இருக்கிறது. பாலத்தில் நின்றால் சாரல் முகத்தில் அடிக்கும். ஈரப் பாறையெங்கும் பாசியும் பெரணியும். அருவியை விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் பாறைச் சுவரைப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைகள் தெரியும். ஒவ்வொரு படுக்கையும் ஒரு காலத்தில் ஓடிவந்த நெருப்புக் குழம்பு. சுமார் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன், கிழக்கே பல நூறு கிலோமீட்டர் தொலைவில் நிலம் நீளநீளமாகப் பிளந்தது. உள்ளிருந்து பொங்கிய குழம்பு இவ்வளவு தூரம் வழிந்து வந்து, ஆறி, பசால்ட் என்னும் கரும்பாறையானது. அருவியின் உச்சிக்கு அருகே சில பாறைகள் மட்டும் உருண்டை உருண்டையாக இருக்கும். குழம்பு தண்ணீருக்குள் இறங்கினால் அதன் மேல்தோல் சட்டென்று இறுகி இப்படித் திரண்டுவிடும். ஆக, அன்றைக்கு அந்த இடத்தில் தண்ணீர் இருந்திருக்கிறது!

இப்போது ஒரு கேள்வி. ஒரு சின்ன ஓடை பெரிய ஆற்றில் சேரும்போது, பொதுவாக ஆற்றின் மட்டத்துக்கு இறங்கி வந்துதான் சேரும். இங்கே மட்டும் ஏன் ஓடைகள் வரிசையாக மலை உச்சியிலிருந்து குதிக்கின்றன?

பதில் பனியுகத்தில் இருக்கிறது. சுமார் 18,000 முதல் 15,000 ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஐடஹோ மாநிலத்தில் ஓர் ஆற்றின் குறுக்கே பெரும் பனிப்பாறை வந்து அடைத்துக்கொண்டது. பின்னால் தண்ணீர் தேங்கித் தேங்கி மிசூலா என்ற ஏரி உண்டானது. பனி அணைக்கட்டின் அருகே ஏரியின் ஆழம் ஏறக்குறைய 600 மீட்டர். பனி தண்ணீரில் மிதக்கும் பொருள் அல்லவா? தண்ணீர் ஏற ஏற அணையின் அடி தளர்ந்து உடைந்தது. ஏரி முழுதும் சில நாட்களில் காலியானது. பனி மீண்டும் வந்து அடைத்தது, மீண்டும் உடைந்தது. இப்படிப் பல பத்து முறை நடந்தது. அந்த வெள்ளமெல்லாம் கடலுக்குப் போக இந்த இடுக்கு வழியாகத்தான் வந்தாக வேண்டும். கிழக்கு முனையில் வெள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய 300 மீட்டர்! சரிவாக இருந்த மலையடிவாரத்தை அது சீவி எடுத்துவிட்டது. ஓடைகளுக்குக் கீழே தரை இல்லாமல் போனது. அவை என்ன செய்யும்? அன்றிலிருந்து குதித்துக்கொண்டிருக்கின்றன.

இந்த வெள்ளத்தைக் கண்டுபிடித்தவர் நடந்து நடந்தே கண்டுபிடித்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அவர் பெயர் ஹார்லன் பிரெட்ஸ். பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருந்து, பிறகு நிலவியலாளர் ஆனவர். இடுக்குக்குக் கிழக்கே உள்ள வறண்ட நிலத்தில் கோடைதோறும் மாணவர்களோடு சுற்றினார். சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில் மாபெரும் அருவிகளின் பள்ளங்கள். ஆறே இல்லாத இடத்தில் மலைபோல் சரளைக்கல் மேடுகள். 1923இல், இதெல்லாம் ஒரு பெருவெள்ளத்தின் வேலை என்று எழுதினார். மற்ற அறிஞர்கள் ஏற்கவில்லை. நிலம் மெல்ல மெல்லத்தான் மாறும் என்பது அவர்கள் பாடம். 1927இல் தலைநகர் வாஷிங்டனில் கூட்டம் போட்டு மறுத்தார்கள். மறுத்தவர்களில் பலர் அந்த நிலத்தைப் பார்த்ததே இல்லை.

பிரெட்ஸிடமும் ஒரு குறை இருந்தது. அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஜோசப் பார்டீ என்பவர் 1942இல் அதற்கு வழிகாட்டினார். ஆற்று மணலில் விரல் உயரத்துக்கு அலைவரிகள் பார்த்திருப்பீர்களே, மிசூலா ஏரி இருந்த தரையில் அதே மாதிரி வரிகள் 10 மீட்டர் உயரம் வரை இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஏரி பாய்ந்து வெளியேறியதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? 1979இல் அமெரிக்க நிலவியல் கழகம் தன் மிக உயர்ந்த பதக்கத்தை பிரெட்ஸுக்குக் கொடுத்தது. அப்போது அவர் 95 வயதைத் தாண்டியிருந்தார்.

சரி, சைக்கிளை எடுங்கள். 1913க்கும் 1922க்கும் இடையே இந்த இடுக்கில் ஓர் அழகான சாலை போட்டார்கள். புது நெடுஞ்சாலை வந்ததும் பழையது கைவிடப்பட்டது. அதன் சில துண்டுகளைச் சீர்செய்து, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஹூட் ரிவர் என்ற ஊருக்கும் மோசியர் என்ற ஊருக்கும் இடையே உள்ள துண்டு சுமார் 7 கிலோமீட்டர். நடுவே இரட்டைச் சுரங்கம். 1921 நவம்பரில் பனியில் ஒரு வாரத்துக்கு மேல் மாட்டிக்கொண்ட பயணிகள், சுரங்கச் சுவரில் தேதியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இன்றும் வாசிக்கலாம்.

மேற்கிலிருந்து கிழக்காக மிதித்தால் மரங்கள் மாறுவதைப் பார்க்கலாம். முதலில் ஈரக் காட்டின் டக்ளஸ் ஃபர் மரங்கள். போகப் போக அவை குறைந்து ஓக் மரங்களும் பாண்டரோசா பைனும் வரும். பிறகு வெயில் காயும் புல்வெளி. காரணம் மழை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைமேல் ஏறிக் குளிர்ந்து, மேற்குப் பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. இடுக்கின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 1,900 மில்லிமீட்டர். அங்கிருந்து கிழக்கே 70 கிலோமீட்டர் போனால் சுமார் 350 மில்லிமீட்டர்தான்.

முதுகில் காற்று தள்ளுவதும் தெரியும். கோடையில் உள்நாடு சூடாகி அங்கே காற்றழுத்தம் குறையும். கடலின் குளிர்காற்று அதை நோக்கி ஓடும். மலைத்தொடரில் இந்த ஓர் இடைவெளிதான் தாழ்வானது என்பதால் எல்லாக் காற்றும் இதற்குள் நெருக்கியடித்துப் புகும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று உடுமலைப் பக்கம் சீறிக்கொண்டு வருகிறதே, அதே கதைதான்.

இந்த இடுக்கின் காற்று, திசை மாறி வீசி, ஒருமுறை பெரும் கேடு செய்தது. 2017 செப்டம்பரில், ஈகிள் கிரீக் என்ற ஓடையருகே 15 வயதுப் பையன் ஒருவன் காய்ந்த காட்டுக்குள் ஒரு பட்டாசைக் கொளுத்திப் போட்டான். தீ பிடித்துக்கொண்டது. நடைபாதையில் இருந்த சுமார் 150 பேர் இரவு முழுதும் காட்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். கிழக்குக் காற்று கிளம்பி, தீப்பொறிகளை ஆற்றைத் தாண்டி அக்கரைக்கே கொண்டுபோனது. எரிந்த பரப்பு ஏறக்குறைய 20,000 ஹெக்டேர். ஈகிள் கிரீக் நடைபாதை மறுபடியும் திறந்தது 2021 ஜனவரியில்தான். நண்பர்களே, எந்த ஊர்க் காட்டுக்குப் போனாலும் சரி, பட்டாசும் தீப்பெட்டியும் உங்கள் பையில் இருக்க வேண்டாம்.