தேரை நிறுத்தும் கலை

ரோலர் கோஸ்டரில் ஏறி இறங்கியவர்கள் அதன் வேகத்தைத்தான் பேசுவார்கள். சென்னைக்குத் தெற்கே இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா பூங்கா திறந்தபோதும் பேச்சு அதுவாகவே இருந்தது. பெரும்பாலான ரோலர் கோஸ்டர்களில் பெட்டிகளுக்கென்று தனி எஞ்சின் கிடையாது. சங்கிலி அவற்றை மேட்டுக்கு இழுத்துவிட்டால், மிச்ச ஓட்டத்தைப் புவியீர்ப்பே பார்த்துக்கொள்ளும். அவற்றை உரிய இடத்தில் நிறுத்துவதில்தான் பொறியாளரின் பாடு இருக்கிறது. கூட்டத்துக்காகச் செய்த பெரிய இயந்திரம் எதுவானாலும், அது நிற்கும் விதத்தை வைத்தே அதன் தரத்தைச் சொல்ல வேண்டும் என்பேன். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், திருவண்ணாமலை மகா தேர் நம் ஊர்ப் பொறியியலின் பெருமைகளில் ஒன்று.

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பஞ்சமூர்த்திகளின் ஐந்து தேர்களும் மாட வீதிகளில் ஓடுகின்றன. அவற்றில் அண்ணாமலையாரின் மகா தேர் 59 அடி உயரம், 200 டன் எடை என்று கணக்குச் சொல்கிறார்கள். 2024-இல் அதைச் சீரமைத்து, விழாவுக்கு முன் வெள்ளோட்டமும் விட்டார்கள். ஒருபுறம் ஆண்கள், மறுபுறம் பெண்கள் என்று நின்று இரும்புச் சங்கிலியைப் பிடித்து இழுக்கிறார்கள். இத்தனை கைகள் சேர்ந்தால் எவ்வளவு பெரிய எடையும் நகர்ந்துவிடும். ஆனால் முன்வரிசையில் இழுப்பவருக்குத் தேர்ச் சக்கரம் கண்ணில் படாது. சக்கரத்தடியில் நிற்பவரின் குரல் அவர் காதிலும் விழாது. போதாததற்குச் சரிவு வேறு. மேற்கு வீதி மலையடிவாரத்தில் இருக்கிறது, கிழக்கு வீதி தாழ்வில் இருக்கிறது. வலமாக வரும் தேர் தெற்கு வீதியில் மேடேறி, வடக்கு வீதியில் இறங்கியாக வேண்டும். இறக்கத்தில் ஐம்பது அடிக்கு ஓரடி சரிவு என்று வைத்துக்கொண்டாலும், 200 டன் தேரை 4 டன் விசை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இதற்கு ஈடுகொடுப்பது முட்டுக்கட்டை. ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய கனத்த மரத்துண்டு அது. உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னால் அதைத் தரையோடு தள்ளிவிடுவார்கள். சக்கரம் அதன்மேல் ஏற முயலும்போது தேரின் எடையே தேரைத் தடுக்கிறது. கணக்குப் போட்டால் இதன் அருமை விளங்கும். விநாடிக்கு ஒரு மீட்டர் என்ற நடைவேகத்தில் வரும் பொருளின் இயக்க ஆற்றல் முழுவதும் தீர, அது சுமார் 5 சென்டிமீட்டர் உயர்ந்தால் போதும். இந்தக் கணக்கில் எடை இருபுறமும் அடிபட்டுப் போகிறது. 2 டன்னுக்கும் 200 டன்னுக்கும் அதே 5 சென்டிமீட்டர்தான். இரண்டு சக்கரங்கள் மட்டும் ஏறினால் சுமார் 10 சென்டிமீட்டர் தேவைப்படும். அதிலும் ஒரு பங்கை உராய்வே தின்றுவிடும். எடை கூடினாலும் அளவு கூடாத பிரேக் இது.

திருச்சி பெல் நிறுவனம் தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து தருகிறதே, இன்னும் மரக்கட்டை எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆழித்தேர் ஓடும் திருவாரூரில் அந்தப் பிரேக்கும் இருக்கிறது, முட்டுக்கட்டையும் இருக்கிறது. பிரேக் சக்கரத்தின் சுழற்சியை நிறுத்தும். தேரைத் திருப்ப அதனால் ஆகாது. தேரின் அச்சுகள் காரின் முன்சக்கரம்போல் திரும்பாதவை. வீதி முனையில் சக்கரங்கள் பக்கவாட்டில் வழுக்கினால்தான் தேரின் முகம் திரும்பும். கட்டையை எந்தச் சக்கரத்தில், எந்தச் சாய்வில் வைப்பது என்பதைப் பொறுத்தே அந்த வழுக்கல் அமையும். சாய்வு ஒரு விரற்கடை பிசகினால் தேர் வீட்டுத் திண்ணைப் பக்கம் போகும். ஒரேயடியாகத் திருப்பவும் மாட்டார்கள். இழுப்பு, கட்டை, நிறுத்தம், மறுபடி இழுப்பு என்று சிறிது சிறிதாகவே தேர் முனையைக் கடக்கும். அந்த நேரத்தில் தேரை ஓட்டுபவர் கட்டை போடுபவரே. வடம் பிடிப்பவர்கள் அதற்கு விசை கொடுக்கிறார்கள்.

ஆபத்தான வேலையல்லவா என்பது இன்னொரு கேள்வி. ஆபத்துதான், அதை மழுப்பக் கூடாது. உருளும் இரும்புக்கு ஓரடி தூரத்தில் ஒரு மனிதர் குனிந்து நிற்கிறார். ஆனால் தேரோட்டத்தின் ஆபத்து சக்கரத்தடியில் மட்டும் இல்லை. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் சப்பரம் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். மின்சாரத்தைத் துண்டிப்பது, சாலையைச் சமன்செய்வது, கூட்டத்தை விலக்கி நிறுத்துவது எல்லாம் நிர்வாகத்தின் கடமை. கட்டை போடுபவருக்குக் காப்பீடும் முறையான பயிற்சியும் தருவதும் அதில் சேர்த்தி. இந்தக் கைத்திறனைக் கைவிடுவது ஆபத்துக்குத் தீர்வாகாது.

அடுத்த கார்த்திகையில் மாட வீதிக்குப் போகிறவர்கள் வடம் பிடியுங்கள். சக்கரத்தின் பக்கம் மட்டும் நெருங்காதீர்கள். கட்டையோடு நிற்பவர் இரண்டடி பின்னால் நகர நேர்ந்தால், அந்த இரண்டடி அவருக்குக் காலியாக இருக்கட்டும்.